போர்வைக்குள் ஓர் ஆட்டம்

தருமர் சூதாடியது சபை நடுவே. ‘வேண்டாம்’ என்று சொல்ல விதுரராவது இருந்தார். இன்று எங்கள் கோவில்பதாகையில் பிள்ளைகள் கைப்பேசியில் ஆடுவது போர்வைக்குள்ளே. தடுக்க யார் இருக்கிறார்கள்?

2014-ல் பெங்களூர் நிம்ஹான்ஸ் ஆஸ்பத்திரி இத்தகையோருக்கெனத் தனிச் சிகிச்சைப் பிரிவு தொடங்கியது. 2019-ல் உலக சுகாதார ஸ்தாபனம் இதை வியாதிகளின் பட்டியலில் சேர்த்தது. ஆட்டத்தை நிறுத்த முடியாமை, குடும்பமும் படிப்பும் பின்னுக்குப் போதல், கெடுதல் நேர்ந்தும் தொடர்தல், இவையே லட்சணங்கள்.

2025-ல் தமிழக அரசு, பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களுக்கு நள்ளிரவு 12 முதல் காலை 5 மணிவரை கதவடைத்தது. அவ்வாண்டே பாராளுமன்றம் அவற்றை அடியோடு தடுக்கச் சட்டம் இயற்றியது. பணமில்லா ஆட்டத்துக்கோ அந்தக் கதவு இல்லை. தூக்கமும் உறவும்தான் அங்கே பணயம்.

விதுரர் சொல் அன்று எடுபடவில்லை. உபதேசம் மட்டும் இன்றும் போதாது. பிள்ளையோடு உட்கார்ந்து பேசவும் ஆள் வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது.