மாணவர் பின்தங்குவது ஏன்? தென்காசி மாவட்டத்தை முன்வைத்து

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் 2024ஆம் ஆண்டு தமிழ்நாட்டு மாணவியரில் 94.53 விழுக்காட்டினரும் மாணவரில் 88.58 விழுக்காட்டினரும் தேர்ச்சி பெற்றனர். 2025இல் இவ்விகிதம் முறையே 95.88, 91.74 என்றானது. தேர்ச்சி உயர்ந்தாலும் இடைவெளி ஆண்டுதோறும் நீடிக்கிறது. ஆண்பிள்ளைகளுக்குப் பொறுப்பில்லை என்பதே இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம். அக்காரணம் கூலியையும் சாதியையும் கணக்கில் கொள்வதில்லை.

கூலியின் இழுப்பு

கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையிலான குழந்தைகளுக்கே கட்டாயக் கல்வியை உறுதி செய்கிறது. 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டமோ 14 வயது நிறைந்தவர்களை அபாயகரமானவை எனப் பட்டியலிடப்பட்ட தொழில்கள் தவிர மற்றவற்றில் அமர்த்த இடமளிக்கிறது. ஆக, ஒன்பதாம் வகுப்பில் நுழையும் சிறுவனைப் பள்ளியில் நிறுத்திவைக்கும் சட்டக் காப்பு விலகும் வயதும், அவனுடைய உழைப்புக்குச் சந்தை திறக்கும் வயதும் ஒன்றே.

தென்காசி மாவட்டத்தில் இதற்குப் பருவமும் துணைபோகிறது. பள்ளிகள் ஜூனில் திறக்கும்போதுதான் குற்றாலத்தில் சாரலும் தொடங்குகிறது. ஆகஸ்டு வரை கடைகளிலும் உணவகங்களிலும் விடுதிகளிலும் கைகள் தேவைப்படுகின்றன. நிலமற்ற குடும்பத்துக்கு அந்தக் கூலி பெரிது. முதல் பருவப் பாடங்களைத் தவறவிட்டவன் பின்னர் வகுப்பறைக்குத் திரும்பினாலும் பாடம் அவனுக்கு எட்டுவதில்லை.

சிறுமியரும் உழைக்கிறார்கள். வீட்டு வேலையும் பீடி சுற்றுவதில் தாய்க்கு உதவுவதும் வீட்டுக்குள்ளேயே நடப்பதால் அவ்வுழைப்பு பள்ளிப் பதிவேட்டில் தெரிவதில்லை. திருமணத்தின் பொருட்டு இடையில் நின்ற பெண்கள் தேர்ச்சிக் கணக்கிலேயே இல்லை. எனவே, மாணவியரின் தேர்ச்சி விகிதத்தை அவர்கள் பெற்ற சலுகையாகக் கருதுவது பிழை.

வகுப்பறைக்குள் சாதி

சங்கரன்கோவில் அருகே பாஞ்சாகுளத்தில் 2022 செப்டம்பரில், ஊர்க் கட்டுப்பாடு என்று கூறித் தலித் பள்ளிச் சிறார்களுக்குத் தின்பண்டம் விற்க ஒரு கடைக்காரர் மறுத்தார். பள்ளிக்குப் போகும் வழியிலேயே தன் இடம் எதுவென்று ஒரு குழந்தைக்குக் கற்பிக்கப்படுகிறது.

வளர்ந்த சிறுவர்களிடையே இது கையில் கட்டும் வண்ணக் கயிறாகிறது. அண்டை மாவட்டமான திருநெல்வேலியின் நாங்குநேரியில், 2023 ஆகஸ்டில் தலித் மாணவர் ஒருவரும் அவர் தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்டனர். வெட்டியவர்கள் அவருடன் பள்ளியில் படித்தவர்கள். தொல்லை பொறுக்காமல் அம்மாணவர் அதற்கு முன்பே சில நாட்கள் பள்ளிக்குச் செல்லாதிருந்தார். புகார் அளித்த பின்னரே தாக்கப்பட்டார். வருகைப் பதிவேடு அந்நாட்களை வெறும் விடுப்பாகவே காட்டும். அவரே அடுத்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் 600க்கு 469 மதிப்பெண் பெற்றார். குறை திறமையில் இல்லை.

இந்நிகழ்வை அடுத்து அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. சாதி அடையாளக் கயிறுகளுக்குத் தடை, பள்ளிப் பெயர்களிலிருந்து சாதியை நீக்குதல், ஆசிரியர் இடமாற்றம் ஆகியன அதன் பரிந்துரைகளில் அடங்கும்.

உதவி எட்டாத இடம்

2022இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டமும் 2024இல் மாணவருக்கென வந்த தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதம் 1,000 ரூபாய் வழங்குகின்றன. இரண்டும் வரவேற்கத்தக்கவை. ஆயினும் அத்தொகை பள்ளிப் படிப்பை முடித்து உயர்கல்வியில் சேர்ந்தவர்களுக்கே கிடைக்கும். பதினான்கு வயதில் நின்றுபோனவன் அந்த வாசலை அடைவதே இல்லை.

ஆகவே ஒன்பது, பத்தாம் வகுப்புகளிலேயே உதவித்தொகை குடும்பத்தின் கூலியிழப்பை ஈடுசெய்யும் அளவில் இருக்க வேண்டும். சாரல் மாதங்களில் வருகைக் குறைவைத் தனியே கண்காணித்து, வராதவனின் வீட்டுக்கு ஆசிரியர் செல்ல வேண்டும். அங்கே அவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, பள்ளியில் அவனுக்கு என்ன நேர்ந்தது என்பதே.