தரங்கம்பாடிக் கடற்கரையில்

கடல்மட்டத்திற்கு ஏறக்குறைய மூவாயிரம் அடி உயரத்தில் பெங்களூரில் வாழும் நமக்குக் கடற்காற்று ஓர் அரும்பொருள். அதனை நாடி, விடுமுறையில் குடும்பத்துடன் தரங்கம்பாடிக்குச் சென்றோம். மைசூரிலிருந்து பெங்களூர் வழியாக வரும் ரயில் இரவெல்லாம் ஓடி, காலையில் நம்மை மயிலாடுதுறையில் இறக்கிவிட்டது. அங்கிருந்து தரங்கம்பாடிக்கு முன்னாளில் ஓடிய ரயில் நின்று பல்லாண்டுகள் ஆகின்றன. எனவே பேருந்தில் ஏறினோம்.

ஆரவாரமற்ற சிற்றூர் அது. கோட்டை வாயிலைக் கடந்தால் நேரான வீதி; அதன் முடிவில் கடல். சடங்கன்பாடி என்றும் குலசேகரன்பட்டினம் என்றும் பழம் பெயர்கள் இவ்வூருக்கு உண்டு. பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயில் அலையோரத்தில் நிற்கிறது. அதன் முன்பகுதி கடலரிப்புக்கு இரையாயிற்று. 2004 டிசம்பர் 26 அன்று எழுந்த ஆழிப்பேரலை இவ்வூர் மீனவர் இல்லங்களில் ஏற்படுத்திய இழப்போ சொல்லில் அடங்காது.

1620-ஆம் ஆண்டில் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் உடன்பாடு பெற்று டேனிஷ்காரர் இங்கு வணிகம் தொடங்கினர். டான்ஸ்பர்க் கோட்டையை எழுப்பினர். மிளகும் துணியும் அவர்கள் நாடிய பொருள்கள். 1845-இல் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுச் சென்றனர். அவர்களுடைய வாணிகம் மறைந்தது. ஆயினும் அவர்கள் காலத்தில் இங்கு நிகழ்ந்த வேறொரு செயல் மறையவில்லை.

1706-இல் சீகன்பால்கு என்னும் ஜெர்மானியர், டென்மார்க் மன்னரால் அனுப்பப்பெற்ற சமயத் தொண்டராக இக்கரையில் இறங்கினார். வயது இருபத்து நான்கு; தமிழில் ஓரெழுத்தும் அறியார். திண்ணைப்பள்ளி உபாத்தியாயர் ஒருவரைத் தம் இல்லத்திலேயே பள்ளி நடத்துமாறு வேண்டிக்கொண்டார். சிறுவர்களோடு தரையில் அமர்ந்து, அவர்களைப் போலவே மணலில் விரலால் எழுத்துகளை வரைந்து பழகினார். பன்மொழி அறிந்த அழகப்பன் என்பவர் அவருக்குத் துணை நின்றார். இரண்டே ஆண்டுகளில் நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் நூல்களைப் பற்றி ஒரு விவரப் பட்டியலே எழுதிவிட்டார்.

தமிழ் அச்சேறியது இங்கேதான் முதன்முறை என்பதன்று. 1578-இலேயே கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் அச்சாயிற்று. ஆனால் அம்முயற்சி தொடரவில்லை. தரங்கம்பாடியிலோ இங்கிலாந்திலிருந்து அச்சு இயந்திரமும், ஜெர்மனியிலிருந்து தமிழ் எழுத்துகளும் வந்தன. அவ்வெழுத்துகள் பெரியனவாக இருந்து காகிதத்தை மிகுதியாக விழுங்கின. ஆகவே சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்தனர். 1715-இல் புதிய ஏற்பாடு தமிழில் முழுமையாக அச்சாகி முடிந்தது. நான்கு ஆண்டுகளில், முப்பத்தாறு வயதில் சீகன்பால்கு மறைந்தார். அவர் 1718-இல் எழுப்பிய புதிய எருசலேம் ஆலயத்திலேயே அவரது உடல் அடக்கம் செய்யப்பெற்றது.

அன்று மாலை நம் குழந்தைகள் கடற்கரையில் தம் பெயர்களை எழுதினர். ஒருவன் கன்னடத்தில் எழுதினான். ஒருத்தி ஆங்கிலத்தில் எழுதினாள். தமிழில் எழுத இருவருக்கும் தெரியவில்லை. வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைகளே அவர்கள். வாழும் மண்ணின் மொழியாகிய கன்னடத்தைக் கற்பது கடமை; அதில் நமக்குக் குறையில்லை. தமிழைக் கற்பிக்காது விட்டது அவர்கள் பிழையன்று, நம்முடைய பிழையே. கடல் கடந்து வந்த ஒருவர் நம் சிறுவர்களோடு அமர்ந்து கற்ற எழுத்தை, நம் சிறுவர்களுக்கு நாம் கற்பிக்க நேரமில்லை என்றிருந்தோம்.

பாட்டியார் குனிந்து, ஈர மணலில் ‘அ’ என்று எழுதினார். பிள்ளைகள் அதன்மேல் விரலை ஓட்டினர். அலை வந்து அழித்தது, மீண்டும் எழுதினர். ஊர் திரும்பிய பின்னர், ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் அந்தப் பாடம் நம் வீட்டில் தொடர்கிறது. மணலுக்குப் பதில் சிலேட்டுப் பலகை, அவ்வளவே வேறுபாடு.