பர்சாத்தியின் சூடு

டெல்லி முனிர்கா கிராமத்துச் சந்துகளில் மொட்டைமாடி ஒற்றை அறைக்குப் பர்சாத்தி என்று பேர். 2003இல் அப்படியொரு பர்சாத்தியில்தான் குடியேறினேன். ஒரு கட்டில், ஜன்னலில் ஒரு கூலர், மூலையில் திறந்து கிடக்கும் இரண்டு மூன்று கேபினெட்டுகள். கணினி பழுதுபார்ப்பதும் புதிதாக அசெம்பிள் செய்து கொடுப்பதும் பிழைப்பு. சாமான் வேண்டுமென்றால் 764ஆம் எண் பேருந்தில் அவுட்டர் ரிங் ரோடு வழியே நேரு பிளேஸ். வாடிக்கையாளர்களில் பாதி ஜே.என்.யூ. மாணவர்கள், மீதி, ஆர்.கே. புரம் குவார்ட்டர்ஸில் இருந்த தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள்.

“அண்ணா, கேம் ஆடினா அரை மணியில ஆஃப் ஆயிடுது. ராம் பத்தலையா?”

மே மாதம் பிறந்துவிட்டால் தினம் ஒருவராவது இதைக் கேட்பார்கள். எந்தக் கோளாறுக்கும் ராமையே சந்தேகிக்கும் பழக்கம் சும்மா வந்ததல்ல. 1993இல் வந்த டூம் விளையாட்டுக்கு 4 எம்.பி. ராம் வேண்டியிருந்தது, 1996இல் குவேக்குக்கு 8 எம்.பி. அந்த நாளில் அது தங்கம் வாங்குவதுபோல. 1993 ஜூலையில் ஜப்பானின் நீஹாமா ஊரில் சுமிட்டோமோ கெமிக்கல் ஆலை வெடித்தது. சிப்புக்கு மேலுறை வார்க்கும் எப்பாக்சி பிசினில் பெரும்பங்கு அங்கிருந்துதான் போய்க்கொண்டிருந்தது. பிசின் கிடைக்காமல் போகுமோ என்ற பயமே உலகம் முழுக்க ராம் விலையை ஏற்றிவிட்டது. 1999 செப்டம்பரில் தைவான் குலுங்கியபோதும் அதே கதை. விலை ஏறிய பொருளின்மேல் மரியாதையும் ஏறத்தானே செய்யும்.

ஆனால் கோடையில் பெட்டியை அணைப்பது பெரும்பாலும் சூடு. அதன் கதை வேறு. 486 காலத்தின் தொடக்கச் சிப்புகளுக்கு விசிறியே வேண்டாம். 1993இல் பென்டியம் வந்தபின் விசிறி கட்டாயமாயிற்று. 2004 பிப்ரவரியில் இன்டெல் இறக்கிய பிரெஸ்காட் பென்டியம் 4, வேகமான மாடல்களில் 100 வாட்டைத் தாண்டியது. ஒரு குண்டு பல்பு இரவு பகலாக எரியும் சூட்டை விரல்நகத்தளவு சிலிக்கானிலிருந்து இறக்க வேண்டும். அதற்காகப் பக்கப் பலகையில் துளைபோட்டு, விசிறிக்கு நேராகக் குழாய் வைத்த கேபினெட்டுகள் நேரு பிளேஸில் குவிந்தன. இன்டெல் வகுத்த கணக்கு இது: வெளியே அறை 35 டிகிரி இருக்கலாம், விசிறிக்குள் நுழையும் காற்று 38ஐத் தாண்டக்கூடாது.

என் பர்சாத்தியில் மே மாத மத்தியானம் சுவரில் மாட்டிய வெப்பமானி 42 காட்டியது. அந்தக் குழாய் உறிஞ்சியது 42 டிகிரிக் காற்றைத்தான். கணக்குப் போட்டவர் முனிர்கா மொட்டைமாடியைப் பார்த்திருக்க மாட்டார்.

சிப்பின் சூடு அறையின் சூட்டுக்கு மேலே ஏறி உட்காரும். ஜனவரிக் குளிரில் அறை 10 டிகிரி, சிப் 55 என்றால், அதே பெட்டி, அதே விளையாட்டு, 42 டிகிரி அறையில் 87ஐ எட்டிவிடும். முதலில் சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதுவும் போதாவிட்டால் பெட்டியே அணைந்துவிடும். இது புரியாத முதல் கோடையில் ஒரு மாணவருக்குக் கூடுதல் ராம் போட்டுக் காசு வாங்கினேன். மூன்றாம் நாள் திரும்பி வந்தார். ஹீட் சிங்க்கைக் கழற்றினால் விசிறிக்கும் தகடுகளுக்கும் நடுவே ஆந்தி என்னும் புழுதிப்புயல் அள்ளிக்கொட்டிய புழுதி கம்பளித் துண்டுபோல் படிந்திருந்தது. பழைய தெர்மல் பேஸ்ட் சுண்ணாம்பாய் உதிர்ந்தது. ராம் காசைத் திருப்பிக் கொடுத்தேன். அன்றிலிருந்து ப்ளோயர் அடித்துப் பேஸ்ட் மாற்றாமல் எந்தப் பெட்டிக்கும் ராம் விற்றதில்லை.

கூலரும் இந்தத் தொழிலில் ஒரு பாத்திரம். லூ என்னும் அனல்காற்று வீசும் வறண்ட ஜூனில் ஈரத் தட்டி வழியே வரும் காற்று அறையையும் சிப்பையும் சேர்த்துக் குளிர்விக்கும். ஜூலையில் மழை தொடங்கினால் காற்றிலேயே ஈரம். கூலர் குளிர்விக்காது, கசகசப்பைத்தான் கூட்டும். ராமின் பொன்முலாம் பூசிய பற்களில் மெல்லப் படலம் படியும். பொத்தானை அழுத்தினால் திரை இருட்டு, விடாமல் பீப். ராமை உருவி, பள்ளிக்கூட ரப்பரால் பற்களைத் தேய்த்துத் திரும்பச் செருகினால் உயிர் வரும். ஆகஸ்டு முழுக்க என் சட்டைப்பையில் ரப்பர் இருக்கும்.

2006 ஜூலையில் 65 வாட் கோர் 2 டுவோ வந்தபோதுதான் எங்களுக்கு மூச்சு வந்தது.

ராம் வாங்குவதில் நான் மாறாமல் சொல்லிவருவது ஜோடி. பழைய பென்டியத்தில் சிம் (SIMM) ராம் அட்டைகளை ஜோடியாகப் போட்டால்தான் பெட்டியே எழும். பிறகு ஒற்றை போதும் என்றாயிற்று. 2003இல் இன்டெல் 865 போர்டுகளோடு ஜோடி திரும்பியது, இம்முறை வேகத்துக்காக. தனி கிராபிக்ஸ் கார்டு வாங்க முடியாத பையன்களுக்கு 2018இல் ரைசன் 5 2400ஜி வந்தது. படம் வரைவதற்கும் அது ராமையே நம்பியிருந்ததால் ஒரு 16 ஜி.பி.யைவிட இரண்டு 8 ஜி.பி. விளையாட்டை நன்றாகவே தூக்கியது. அந்த மே மாதம் முனிர்காவுக்கு மெட்ரோவும் வந்துவிட்டது; மெஜன்டா லைனில் ஏறி நேரு என்கிளேவில் இறங்கி வாங்கி வந்தேன்.

2024 மே 29 அன்று சப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 46.8 டிகிரி. அன்று சாயங்காலம் பக்கத்துச் சந்துப் பையன் கைபேசியில் படம் காட்டினான்: அவனுடைய ரைசன் 7600எக்ஸ், 95 டிகிரி.

“அங்கிள், இது நார்மலா?”

அந்தச் சிப்பை 95 வரை தாங்கும்படிதான் ஏ.எம்.டி. வடிவமைத்திருக்கிறது என்றேன். ஆனாலும் வெப்பமானியை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் படியேறினேன். கேபினெட்டின் முதுகு சுவரோடு ஒட்டியிருந்தது, அங்கே 47. பெட்டியை ஒரு முழம் முன்னால் இழுத்து, ஜன்னல் பக்கம் திருப்பி வைத்தோம். விளையாட்டை மறுபடி ஓட்டச் சொன்னேன். இருவரும் எண்ணைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். 89இல் நின்றது.