சாக்குக் குறியிலிருந்து ரேடியோச் சிட்டை வரை



எங்கள் ஊரின் பெயரிலேயே ஒரு சரக்கு இருக்கிறது. பருத்தி ஏற்றி இறக்கிய துறை என்பதால் பருத்தித்துறை என்று பெரியவர்கள் சொல்வார்கள். இன்று வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் ஒரு பருத்திச் சட்டை கொண்டுவந்தால், அதன் விலைச்சிட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பல சிட்டைகளுக்குள் மெல்லிய உலோகக் கோடுகளும், நடுவில் கடுகிலும் சிறிய ஒரு சிப்பும் தெரியும். அதுதான் ஆர்.எப்.ஐ.டி. ரேடியோ அலையால் பொருளை அடையாளம் காணும் முறை. அதன் கதையைக் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள். கடைசியில் அது எங்கள் கரைக்குத்தான் வருகிறது.

பொருளுக்குக் குறி போடுவது எங்களுக்குப் புதிதில்லை. வன்னியில் மாட்டுக்குக் குறி சுட்டார்கள். தோணியில் சரக்கு அனுப்பியவர்கள் சாக்கின் மேல் மையால் குறி போட்டார்கள். ஆனால் அந்தக் குறியைக் கண்ணால் பார்க்க வேண்டும். ரேடியோச் சிட்டைக்கு அது தேவையில்லை. மூடிய பெட்டிக்குள் இருந்தாலும் அது பதில் சொல்லும்.

இந்த யோசனை பிறந்தது போரில். இரண்டாம் உலகப் போரில் ரேடார் திரையில் விமானம் தெரிந்தது, அது யாருடையது என்று தெரியவில்லை. ஆகவே பிரித்தானியர் தங்கள் விமானங்களில் ஒரு கருவியைப் பொருத்தினார்கள். ரேடார் அலை பட்டதும் அது "நான் உங்கள் ஆள்" என்று பதில் அனுப்பும். நண்பனா, பகைவனா? சோதனைச் சாவடியில் அடையாள அட்டையோடு நின்ற எங்களுக்கு இந்தக் கேள்வியை யாரும் விளக்கத் தேவையில்லை.

1945இல் மொஸ்கோவில் இருந்த அமெரிக்கத் தூதுவருக்கு சோவியத் சிறுவர்கள் மரத்தில் செதுக்கிய ஒரு சின்னத்தைப் பரிசளித்தார்கள். உள்ளே தெர்மின் என்ற ரஷ்ய விஞ்ஞானி செய்த ஒட்டுக்கேட்கும் கருவி இருந்தது. அதில் பற்றரி இல்லை. வெளியிலிருந்து ரேடியோ அலை பாய்ச்சினால் மட்டும் அது வேலை செய்யும். 1952 வரை அமெரிக்கர்கள் அதைக் கண்டுபிடிக்கவில்லை. இன்றைய சட்டைச் சிட்டையிலும் பற்றரி இல்லை. வாசிக்கும் கருவி அனுப்பும் அலையிலிருந்தே சக்தியை எடுத்து, தன் இலக்கத்தைத் திருப்பிச் சொல்கிறது.

1973இல் மரியோ கார்டுல்லோ என்ற அமெரிக்கர் நினைவகம் உள்ள ரேடியோச் சிட்டைக்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் 1974 ஜூன் 26இல் ஒஹாயோ மாநிலக் கடையொன்றில் ஒரு சுவிங்கம் பெட்டி பார்கோட் மூலம் விற்கப்பட்டது. பார்கோடுக்கு மை மட்டும் போதும். மலிவானது வென்றது.

1991 வளைகுடாப் போரில் அமெரிக்க இராணுவம் சுமார் 40,000 கொள்கலன்களை அனுப்பியது. உள்ளே என்ன என்று தெரியாமல் பாதிக்கு மேற்பட்டவற்றைத் திறந்து பார்க்க வேண்டியதாயிற்று. அதன் பிறகுதான் இராணுவம் ரேடியோச் சிட்டைகளுக்குப் பணம் செலவழித்தது.

இந்த இடத்தில் எனக்கு 2006 ஆகஸ்ட் ஞாபகம் வருகிறது. ஏ9 பாதை மூடப்பட்டபின் குடாநாட்டுக்குச் சரக்கு கப்பலில் வந்தது. எங்கள் துறையிலும் இறக்கினார்கள். எங்களைப் போல் புத்தளத்தில் அகதிகளாக இருந்தவர்கள் அதைக் கேள்விப்பட்டோம், ஊரில் இருந்தவர்கள் வரிசையில் நின்றீர்கள். கப்பலில் சீனி எவ்வளவு, மா எவ்வளவு, எப்போது வரும் என்ற கணக்கு யாரிடமோ இருந்தது. வரிசையில் நின்றவர்களிடம் இருக்கவில்லை.

சரக்கின் கணக்கு யார் கையில் என்பதே இந்த வரலாறு முழுவதும் வரும் கேள்வி.

1997இல் லண்டனில் கெவின் ஆஷ்டன் என்ற ஊழியர், தன் கம்பனியின் லிப்ஸ்டிக் ஒன்று கடைத் தட்டில் அடிக்கடி இல்லாமல் போவதைக் கவனித்தார். களஞ்சியத்தில் இருக்கிறது, தட்டில் இல்லை. அவரும் இந்தியாவில் பிறந்த பேராசிரியர் சஞ்சய் சர்மா போன்றோரும் சேர்ந்து 1999இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஓர் ஆய்வு மையம் தொடங்கினார்கள். சிப்பில் ஓர் இலக்கம் மட்டும் இருக்கட்டும், மற்ற விபரமெல்லாம் கணினியில் இருக்கட்டும் என்றார்கள். சிப் சிறிதானது, விலையும் இறங்கியது.

2003 ஜூனில் வோல்மார்ட் தனக்குச் சரக்கு வழங்கும் முதல் 100 கம்பனிகளிடம், 2005 ஜனவரிக்குள் பெட்டிகளில் இந்தச் சிட்டையை ஒட்டும்படி கேட்டது. நன்மை வாங்குபவனுக்கு, செலவு விற்பவனுக்கு. தண்ணீரும் உலோகமும் ரேடியோ அலையைக் குழப்பியதால் பானப் போத்தல்களும் தகரப் பேணிகளும் சரியாக வாசிக்கப்படவில்லை. சில வருடங்களில் திட்டம் சோர்ந்துபோனது.

துணியில் அந்தப் பிரச்சினை இல்லை. ஒரே சட்டைக்குப் பல அளவு, பல நிறம். எண்ணுவதே பெரிய வேலை. 2014 அளவில் ஸாரா போன்ற ஆடைக் கம்பனிகள் இதைப் பெரிய அளவில் கையிலெடுத்தன. சிட்டையைத் தைக்கும் இடத்திலேயே பூட்டுவதுதான் லாபம். ஏற்றுமதி ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் உறவினர் இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

கடலுக்கும் இதே கேள்வி வந்தது. பிடித்த மீன் எங்கிருந்து வந்தது என்பதற்குச் சான்றிதழ் வேண்டும் என்ற ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் 2010இல் நடைமுறைக்கு வந்தது. ஆழ்கடல் படகுகளை இலங்கை சரியாகக் கண்காணிக்கவில்லை என்று 2015 ஜனவரியில் எமது மீனுக்குத் தடை போட்டார்கள். பலநாட் படகுகளில் செய்மதிக் கண்காணிப்புக் கருவி பூட்டி, சட்டங்களையும் திருத்தியபின், 2016 ஜூனில்தான் தடை நீங்கியது. இது ஆர்.எப்.ஐ.டி. இல்லை, ஆனால் நோக்கம் ஒன்றே. பிழை செய்யாத மீனவரின் மீனும் அந்தத் தடையில் அகப்பட்டது. தன் மீன் சுத்தமானது என்று காட்ட அவரிடம் எழுத்தில் ஒன்றும் இல்லை.

அடுத்தது வந்துகொண்டிருக்கிறது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த ஐரோப்பியச் சட்டப்படி, பொருட்களுக்கு டிஜிட்டல் கடவுச்சீட்டு படிப்படியாக வரும். துணி முதல் வரிசையில் நிற்கிறது.

எங்களுக்கு இதில் என்ன வேலை? கடற்றொழிலாளர் சங்கங்களும், பருத்தித்துறை வடை சுட்டு வெளிநாட்டுக்குப் பார்சல் அனுப்பும் அக்காமாரும் இன்றே சிப் வாங்கத் தேவையில்லை. ஒரு கொப்பி போதும். எந்தத் திகதி, எவ்வளவு, எந்த மா, எந்த எண்ணெய், எந்தப் படகு, யாருக்கு விற்றது. ஒவ்வொரு பார்சலுக்கும் ஓர் இலக்கம். நாளைக்கு யாராவது சிட்டை கேட்டால், அதற்குள் போடும் விபரம் எங்கள் கையில் இருக்கும். இல்லாவிட்டால் இடையில் நிற்கும் வியாபாரி தன் பெயரில் எழுதிக்கொள்வார்.

கணக்கு வைக்கத் தெரிந்த பிள்ளைகள் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறார்கள். அவர்களைக் கேளுங்கள். தோணிக் காலத்துச் சாக்குக் குறிகள் ஞாபகம் உள்ள பெரியவர்கள் இருந்தால் கீழே எழுதுங்கள், அல்லது படம் எடுத்துப் போடுங்கள். வகுப்பில் பிள்ளைகளுக்குக் காட்ட ஆசையாக இருக்கிறது.