அழைப்பும் பதிலும்: இருவர் வாசித்த அடிமைகளின் பாடல்கள்

1977 ஏப்ரலில் டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் இரண்டு கறுப்பின அமெரிக்கக் கலைஞர்கள் சேர்ந்து ஓர் இசைத்தட்டைப் பதிவு செய்தார்கள். ஆர்ச்சி ஷெப் சாக்சபோன், ஹோரஸ் பார்லன் பியானோ. டிரம்ஸ் இல்லை, வேறு யாரும் இல்லை. தட்டின் பெயர் ‘கோயின் ஹோம்’. கூட்டமோ ஆர்ப்பாட்டமோ இல்லாத வார இறுதிகளில் நாங்கள் அடிக்கடி கேட்கும் ஜாஸ் இதுதான்.

ஷெப் கோபக்காரக் கலைஞர் என்று பெயரெடுத்தவர். நியூயார்க் மாநிலத்தின் அட்டிகா சிறையில் 1971இல் கைதிகள் கிளர்ந்தெழுந்து, அரசு அவர்களைச் சுட்டு அடக்கியபோது, மறு ஆண்டே ‘அட்டிகா ப்ளூஸ்’ என்று இசைத்தட்டு வெளியிட்டவர். அப்படிப்பட்டவர் இந்தத் தட்டில் ‘கோ டவுன் மோசஸ்’ போன்ற, அடிமைகளாக இருந்த முன்னோர் பாடிய பழைய பக்திப் பாடல்களை நிதானமாக வாசிக்கிறார். போராளி ஓய்ந்துவிட்டாரா? இல்லை. அந்தப் பாடல்களின் வரலாறு தெரிந்தால் இந்தக் கேள்வியே எழாது.

அமெரிக்காவில் அடிமை முறை 1865இல் சட்டப்படி ஒழிந்தது. மறு ஆண்டு, விடுதலை பெற்றவர்கள் படிப்பதற்காக நாஷ்வில் நகரில் ஃபிஸ்க் கல்வி நிலையம் தொடங்கப்பட்டது. சில ஆண்டுகளிலேயே பணமில்லாமல் மூடும் நிலைக்கு வந்தது. 1871இல் அதன் மாணவர்கள் பாடி நிதி திரட்டக் கிளம்பினார்கள். அவர்களில் பெரும்பாலோர் அடிமைகளாகப் பிறந்தவர்கள். பெற்றோரின் பாடல்களை மேடையேற்ற முதலில் அவர்களுக்கே தயக்கம். அவை அடிமைக் காலத்தின் நினைவு, வீட்டுக்குள் காக்க வேண்டிய புனிதம். வெளியிலோ, வெள்ளையர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பர்களைக் கேலி செய்யும் நிகழ்ச்சிகள் காசு பார்த்துக்கொண்டிருந்தன. ஆனாலும் பாடினார்கள். கோமாளித்தனம் இல்லாமல், நிமிர்ந்து நின்று பாடினார்கள். அந்தப் பணத்தில் எழுந்த ஜூபிலி ஹால் இன்றும் நிற்கிறது.

அதே ஃபிஸ்கில் படித்தவர் டு பாய்ஸ். 1903இல் வெளிவந்த தன் புகழ்பெற்ற நூலின் ஒவ்வொரு அத்தியாயத்தின் தலைப்பிலும் இந்தப் பாடல்களின் இசைக்குறிப்பை அச்சிட்டார். கறுப்பின மக்களின் நிலைக்கும் தீண்டத்தகாதோர் நிலைக்கும் உள்ள ஒற்றுமையைச் சுட்டி 1940களில் பாபாசாகேப் அம்பேத்கர் கடிதம் எழுதியது இவருக்குத்தான்.

இந்தப் பாடல்களின் அமைப்பே அழைப்பும் பதிலும்தான். ஒருவர் எடுத்துக் கொடுப்பார், கூட்டம் திருப்பிப் பாடும். இருவரே வாசிக்கும்போது அது அப்பட்டமாகக் கேட்கிறது. ஷெப்பின் சாக்சபோன் கரகரத்து அழைக்கிறது. பார்லனுக்குச் சிறுவயதில் இளம்பிள்ளை வாதத்தால் வலது கை பாதி முடங்கியது. அவருடைய இடது கை பெரும்பாரத்தைச் சுமந்தபடி பதில் சொல்கிறது. ஒருவர் முன்னால், மற்றவர் பின்னால் என்பது அங்கே இல்லை.

பறையை இழிவின் அடையாளமென்று கைவிடுவதா, விடுதலையின் இசையாகக் கையிலெடுப்பதா என்று நம்மிடையேயும் நெடுங்காலம் விவாதம் நடந்திருக்கிறது. இரு பக்கத்திலும் நியாயம் உண்டு. ஃபிஸ்க் மாணவர்களின் தயக்கமும் நியாயமானதே. அவர்கள் வரலாறு நமக்குச் சொல்வது இதுதான்: எதைப் பாடுவது, எங்கே பாடுவது, யாருக்காகப் பாடுவது என்று முடிவு செய்யும் உரிமை பாடுகிறவர் கைக்கு வரும்போது, அதே பாடல் வேறு பாடலாகிவிடுகிறது.