பொய்க்காலின் கூடு

பொய்க்காலைப் பற்றிக் கதை தொடங்கினால் எல்லோரும் முதலில் பாதத்தைத்தான் விசாரிப்பார்கள். சப்பாத்துப் போடலாமா, ஓடலாமா, சைக்கிள் மிதிக்கலாமா... போட்டுக்கொண்டு நடக்கிறவனுக்குப் பாதம் இரண்டாவது பிரச்சினை. வெட்டுப்பட்ட காலின் மிச்சத்தை உள்ளே விடுகிற கூடு இருக்கிறதே, சொக்கெற் என்பார்கள், அதுதான் அவனுடைய நாளைத் தீர்மானிக்கும். அது பொருந்தினால் வேலைக்குப் போகலாம். பொருந்தாவிட்டால் எவ்வளவு விலையான காலும் கதவு மூலையில்தான் நிற்கும்.

1990களின் தொடக்கத்தில் மிதிவெடியில் இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவன் நான். ஊரில் ஒரு விதமான கூடும், யேர்மனிக்கு வந்தபிறகு இரண்டு விதமான கூடுகளும் போட்டிருக்கிறேன். ஆகவே இந்த வரலாறு எனக்குத் தோலால் தெரிந்த வரலாறு.

பழைய கூடு மரத்தைக் குடைந்து செய்தது. புனல் மாதிரி மேலே அகலம், கீழே ஒடுக்கம். மிச்சக்கால் அதற்குள் ஆப்பு மாதிரி இறுகி நிற்கும். நுனி எதிலும் முட்டாமல் தொங்கும். மேலே நெருக்கி, கீழே வெறுமையாக விட்டால் இரத்தமும் நீரும் நுனியில் தேங்கி வீங்கும், தோல் கறுத்துப் புண்ணாகும். அதனால் பாரத்தில் ஒரு பங்கைத் தொடைக்கு மாற்றினார்கள். தொடையைச் சுற்றித் தோற்கச்சை, இரண்டு பக்கமும் இரும்புப் பிணைச்சல். நடக்க முடிந்தது. ஆனால் கச்சைக்குள் கிடந்த தொடைத் தசை வருடக்கணக்கில் மெலிந்து போனது.

இந்தத் துறையைத் தள்ளிக்கொண்டு போனது யுத்தங்கள்தான். முதலாம் உலகப்போரில் ஊனமுற்றுத் திரும்பிய படையினருக்காக 1919இல் பேர்லினில் தொடங்கியதுதான் இன்று உலகம் முழுக்கத் தெரிந்த ஒட்டோ பொக் நிறுவனம். இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் அமெரிக்க அரசு பொய்க்கால் ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்கியது. அதன் பலனாக 1950களின் இறுதியில் கலிபோர்ணியாவின் பேர்க்லி பல்கலைக்கழகத்தில் ராட்கிளிஃப், ஃபோர்ட் என்ற இருவர் புதிய கூட்டை வகுத்தார்கள். சுருக்கமாகப் பி.ரி.பி.

அவர்களுடைய யோசனை எளிமையானது. காலில் எல்லா இடமும் பாரம் தாங்காது. முழங்காற்சில்லுக்குக் கீழே இருக்கும் தடித்த தசைநாண் தாங்கும். முன்காலெலும்பின் விளிம்பு தாங்காது, வெளிப்பக்கச் சிற்றெலும்பின் தலை தாங்கவே தாங்காது. ஆகவே காலைப் பிளாஸ்ரரில் அச்செடுத்து, பாரம் ஏற்றவேண்டிய இடத்தில் அச்சைச் சுரண்டி, விலக்கவேண்டிய இடத்தில் பிளாஸ்ரரைக் கூட்டி, அதன்மேல் கூட்டை வார்த்தார்கள். நுனியும் கூட்டோடு தொட்டபடி இருந்தது. பலருக்குத் தொடைக்கச்சை போய், முழங்காலுக்கு மேலே ஒரு சின்னப் பட்டி போதுமென்றானது.

ஏறக்குறைய அடுத்த பத்தாண்டில், 1960களின் கடைசியில், ஜெய்ப்பூரில் மருத்துவர் பி.கே. சேத்தியும் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் ஜெய்ப்பூர் பாதத்தை உருவாக்கினார்கள். வெறுங்காலோடு நடக்கலாம், சப்பாணி கட்டலாம், குந்தலாம், வயலில் இறங்கலாம். யாழ்ப்பாணத்திலும் 1980களின் பிற்பகுதியில் இந்தக் கால் செய்யத் தொடங்கினார்கள். நான் முதலில் போட்டதும் அதுதான், அலுமினியத் தகட்டை அடித்து வளைத்த கூடு. பாதம் அற்புதம். கூடு? மேல் விளிம்பு உரஞ்சும், நுனி வீங்கும். பழைய மரக்கூட்டின் நோயேதான். ஆனாலும் அந்தக் காலோடுதான் இடம்பெயர்ந்தேன், அந்தக் காலோடுதான் தண்ணி அள்ளினேன். அதைச் செய்த கைகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

யேர்மனியில் முதலில் கிடைத்தது பி.ரி.பி. வகை. காலையில் சுகம். பின்னேரம் மிச்சக்கால் சுருங்கிக் கூடு தளரும், ஒவ்வொரு அடிக்கும் கால் மேலும் கீழுமாக ஓடும், நாணில் குத்தும். தடித்த காலுறை இன்னொன்று போட்டுச் சமாளிக்க வேண்டும்.

இதற்கு மாற்று ஐஸ்லாந்திலிருந்து வந்தது. பிறவியிலேயே காற்குறையோடு பிறந்த ஒசூர் கிறிஸ்ரின்சன், தானே பொய்க்கால் செய்பவர். 1980களில் அவர் சிலிக்கோன் உறையைக் கொண்டுவந்தார். உறையைச் சுருட்டிக் காலில் ஏற்றினால் தோலோடு ஒட்டிப் பிடிக்கும். பாரம் ஓரிரு இடத்தில் இல்லாமல் முழுப் பரப்பிலும் பரவும். பின்னர் வந்தது காற்றை உறிஞ்சும் வெற்றிடக் கூடு. 2001இல் வெளியான ஓர் ஆய்வில், அரை மணித்தியால நடையில் சாதாரணக் கூட்டுக்குள் மிச்சக்கால் சராசரி 6.5 வீதம் சுருங்கியது. வெற்றிடக் கூட்டில் 3.7 வீதம் கூடியது.

அப்படியென்றால் விலைகூடியதே நல்லதா? அவ்வளவு சுலபமில்லை. 2005இல் நெதர்லாந்தில் 26 பேரை வைத்து இரண்டு வகையையும் ஒப்பிட்டார்கள். நடமாட்டத்திலும் திருப்தியிலும் சொல்லத்தக்க வித்தியாசம் வரவில்லை. புதிய வகைக்கு நேரமும் அலைச்சலும் குறைவு, பொருட்செலவு கூட. நான் இப்போது போடுவது சிலிக்கோன்தான், விடமாட்டேன். ஆனால் கோடையில் உறைக்குள் வியர்வை தேங்கிக் கால் வழுக்கும். உறை கிழியும், மாற்ற வேண்டும். இங்கே காப்புறுதி கட்டுகிறது. வன்னி வெயிலில், வயல் சேற்றில், உறைக்குக் காசு யார் கட்டுவது?

இதை எழுதியதற்குக் காரணம் உண்டு. ஊருக்குக் கால் கொடுக்கிறோம் என்று நம்மவர்கள் காசு சேர்க்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் எத்தனை கால் கொடுத்தோம் என்று படத்தோடு கணக்குக் காட்டுகிறார்களே தவிர, அதில் எத்தனை கால் இன்னும் நடக்கிறது என்று கேட்பதில்லை. முதல் வருடத்தில் மிச்சக்கால் மெலிந்துகொண்டே போகும். பிள்ளைகளுக்கு எலும்பு வளரும். கூட்டைத் திரும்பத் திரும்ப மாற்றியாக வேண்டும். அதற்கு அச்செடுக்கத் தெரிந்த ஒரு தொழில்நுட்பவியலாளரும், அவருடைய மாதச் சம்பளமும், நோயாளி வந்துபோக பஸ் காசும் வேண்டும். சாதாரணப் பிளாஸ்ரிக் கூடு போதும், அதைத் திருத்த ஆள் இருந்தால்.

அடுத்தமுறை உங்களிடம் ஒருவர் காலுக்குக் காசு கேட்டு வந்தால் கொடுங்கள். கொடுக்கும்போது ஒரு கேள்வியும் கேளுங்கள்: மூன்று மாதத்தில் கூடு கடித்தால், அந்தப் பிள்ளை யாரிடம் போகும்?