பரண் இல்லாதவர்களின் பொம்மைகள்

நவராத்திரிக்கு ஒரு வாரம் இருக்கும்போது எங்க அம்மாவுக்கு ஒரு போன் வந்தது. மயிலாப்பூரில் அம்மா பதினாறு வருஷம் பாத்திரம் தேய்த்த வீட்டிலிருந்து. வேலையை விட்டு ரொம்ப நாளாகிவிட்டது. தீபாவளி, பொங்கலுக்குக்கூட அங்கிருந்து போன் வந்ததில்லை. அம்மா பயந்துகொண்டேதான் எடுத்தாங்க.

விஷயம் இதுதான். அந்த வீட்டுப் பையன் சின்ன வயதில் வைத்து விளையாடிய சோல்ஜர் பொம்மைகளில் சிலதை, கை கால் போனதாகப் பார்த்து, அம்மாவிடம் கொடுத்திருந்தார்களாம். பையன் இப்போது அமெரிக்காவில். பழைய பொம்மைகளைச் சேகரிக்கிறாராம். “அதெல்லாம் உங்க வீட்டுல இருக்காம்மா? உடைஞ்சிருந்தாலும் பரவால்லேங்கறான்.”

“அதெல்லாம் எப்பவோ போச்சும்மா” என்று சொல்லிவிட்டு அம்மா போனை வைத்தாங்க. அப்புறம் என்னைப் பார்த்து, “ஒரு கை இல்லன்னுதான குடுத்தாங்க, இப்ப இன்னாத்துக்குத் தேடுறாங்க?” என்றாங்க. இந்தக் கட்டுரை அம்மாவின் அந்தக் கேள்விக்கு என்னால் முடிந்த பதில்.

அந்தப் பொம்மை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. விரல் நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் சிப்பாய். முழங்கால் மடங்கும், தலை திரும்பும், வலது கை கிடையாது. ஜி.ஐ. ஜோ என்று பெயர். அதன் பூர்வீகத்தைத் தேடிப் போனால் அது நம்ம சென்னையிலேயே வந்து நிற்கிறது. 1946ல் கே.எம். மாம்மன் மாப்பிள்ளை திருவொற்றியூரில் ஒரு சின்னக் கொட்டகையில் குழந்தைகள் ஊதி விளையாடுகிற பலூன் செய்ய ஆரம்பித்தார். அதுதான் பின்னால் டயர் செய்யும் எம்.ஆர்.எஃப். கம்பெனியாக வளர்ந்தது. அந்த எம்.ஆர்.எஃப்., அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து 1987ல் ஃபன்ஸ்கூல் என்ற பொம்மைக் கம்பெனியைத் தொடங்கியது. தொழிற்சாலை கோவாவில் அமைந்தது.

ஹாஸ்ப்ரோ இந்தச் சிப்பாயை முதலில் 1964ல் பன்னிரண்டு அங்குல உயரத்தில் விற்றது. அமெரிக்கா வியட்நாமில் முழுமூச்சாக இறங்கப்போகிற நேரம் அது. பொம்மை என்று சொன்னால் ஆண் பிள்ளைகளுக்கு வாங்கமாட்டார்கள் என்று பயந்து ‘ஆக்‌ஷன் ஃபிகர்’ என்று புதுப்பெயர் வைத்தார்கள். 1982ல் நாலு அங்குலத்துக்கும் குறைவான அளவில் அதே சிப்பாய் மறுபடி வந்தான். இந்த வரிசையைத்தான் ஃபன்ஸ்கூல் இங்கே செய்தது. அச்சு அங்கிருந்து வந்தது. வர்ணம் பல சமயம் இங்கே மாறியது. அமெரிக்காவில் 1994ல் அந்த வரிசை நின்றுபோன பிறகும் இங்கே சில வருஷம் செய்துகொண்டிருந்தார்கள். அதனால்தான் வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இந்தியச் சிப்பாய்களைத் தேடி அலைகிறார்கள். அட்டை பிரிக்காத பொம்மைக்கு ஒரு விலை, பிரித்ததற்கு ஒரு விலை, துப்பாக்கி தொலைந்ததற்கு ஒரு விலை.

இதில் நமக்கு என்ன வந்தது என்று தோழர்கள் கேட்கலாம். பால்யத்தை ஆசையாக நினைத்துப் பார்ப்பது எல்லா மனிதருக்கும் பொது என்றுதானே பத்திரிகைகளும் டிவியும் சொல்கின்றன? அந்தப் பொதுவைத்தான் நாம் கொஞ்சம் கிளறிப் பார்க்க வேண்டும்.

ஒரு பொம்மை முப்பது வருஷம் பிழைத்திருக்க என்ன வேண்டும்? முதலில் அதை வாங்கக் காசு வேண்டும். அது போதாது, வைக்க இடம் வேண்டும். மயிலாப்பூர், தி.நகர் வீடுகளில் பரண் உண்டு. கொலு பொம்மைகள் வருஷத்தில் பத்து நாள்தான் வெளியே வரும். மற்ற நாளெல்லாம் பழைய வேட்டித் துணி சுற்றி, டிரங்குப் பெட்டியில் பரண்மேல் தூங்கும். பாட்டி வாங்கிய பொம்மை பேத்திக்கு வருவது அப்படித்தான். குடிசைக்குப் பரண் கிடையாது. கூரையில் செருகி வைத்தது மழையில் நனையும், தீயில் போகும். நான் ஏழாவது படிக்கும்போது கால்வாய்க் கரையில் எங்க வரிசைக் குடிசைகள் எரிந்தன. சிப்பாய் அதில்தான் போனான். ரேஷன் கார்டையும் தங்கச்சியையும் தூக்கிக்கொண்டு ஓடிய அம்மாவுக்குப் பொம்மை ஞாபகம் வந்திருக்குமா?

தீக்குத் தப்பியதை லாரி கொண்டுபோனது. 2000த்திலிருந்து நகரத்தின் நடுவிலிருந்த சேரி மக்கள் கண்ணகி நகருக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரி. 2015 வெள்ளத்தைக் காரணம் காட்டி அடையாற்றங்கரையிலிருந்தும் கூவம் கரையிலிருந்தும் பெரும்பாக்கம். குடிசை மாற்று வாரியம் என்று 1970ல் ஏற்பட்டது, 2021ல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது. எந்தப் பெயரில் ஏற்றினாலும் லாரியில் ஏறுவது அடுப்பும் பாத்திரமும் துணிமூட்டையும்தான். ஆக, சேகரிப்பு என்பது ரசனை சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் அல்ல. தலைமுறை தலைமுறையாக ஒரே இடத்தில் இருக்க விடப்பட்டவர்களுக்கு வாய்ப்பது அது.

அமெரிக்கப் பையனின் சேகரிப்புக்கு முன்மாதிரி அந்த வீட்டுக் கூடத்திலேயே இருந்தது. கொலுவும் ஒரு பொம்மைச் சேகரிப்புத்தானே? வருஷத்துக்கு ஒரு பொம்மையாவது புதிதாகச் சேர்க்க வேண்டும் என்பது வழக்கம். பண்ருட்டியிலும் மதுரைப் பக்கம் விளாச்சேரியிலும் சென்னைக் கொசப்பேட்டையிலும் மண்ணைப் பிசைந்து செய்கிற குயவர் கை பட்டுத்தான் சாமிகள் உருவாகின்றன. வடக்கு மாட வீதியில் பிளாட்பாரத்தில் பரப்பி விற்கிறார்கள். கொலு என்ற சொல்லுக்கே அரசவை என்றுதான் பொருள். அரசவை என்றால் யார் எங்கே நிற்பது என்ற கணக்கு உண்டு. மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது என்று ஒற்றைப்படையில் படிகள். மேலே கலசமும் தெய்வங்களும், அதற்குக் கீழே மகான்கள், அதற்கும் கீழே மளிகை பரப்பிய செட்டியார் பொம்மை. படிகள் முடிந்த பிறகு தரையில் மண் கொட்டி ஒரு கிராமம். ஏர் ஓட்டுகிறவன், பாம்பாட்டி, குறவன் குறத்தி, நாற்று நடுகிற பெண்கள்.

அந்தப் படிகளைக் கழுவித் துடைத்துக் கூடத்து வாசல்வரை கொண்டுவந்து கொடுப்பது அம்மாவின் வேலை. அடுக்குவது அவர்கள் வேலை. நாற்று நடுகிற பெண் பொம்மை அந்த வீட்டுக் கூடத்தில் ஒன்பது நாள் இருந்தது. நாற்று நட்ட குடும்பத்தில் பிறந்து மதராசுக்கு வந்த எங்க அம்மா அந்தக் கூடத்தில் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. சுண்டல் எங்களுக்கும் கிடைத்தது, பின்வாசலில். இன்னொரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். மூளியான பொம்மையைப் படியில் வைக்கக் கூடாது என்பார்கள். மூளியானது எதுவோ அது எங்களுக்கு வந்தது. சிப்பாயும் அப்படி வந்தவன்தான்.

அப்படியானால் தலித் குழந்தைக்கும் விளையாட்டுப் பொருளுக்கும் உள்ள உறவு பின்வாசல் உறவு மட்டும்தானா? இல்லை. இதே தென்சென்னையில் நம்மிடம் மறைக்கப்பட்ட வேறு ஒரு வரலாறு இருக்கிறது.

1882ல் அடையாறுக்கு வந்தது பிரம்மஞான சபை. அதன் தலைவர் கர்னல் ஆல்காட் 1894ல் பக்கத்து ஊரூரில் பஞ்சமர் பிள்ளைகளுக்காக இலவசப் பள்ளி தொடங்கினார். பிறகு கோடம்பாக்கம், தேனாம்பேட்டை, மயிலாப்பூர் என்று பள்ளிகள் பெருகின. மயிலாப்பூர்ப் பள்ளிக்குத் திருவள்ளுவர் பெயர். நம் பண்டிதர் அயோத்திதாசர் 1898ல் ஆல்காட்டோடு கொழும்புக்குப் போய் பௌத்தம் தழுவி வந்த காலமும் அதுதான். இந்தப் பள்ளிகளில் 1900களின் தொடக்கத்திலேயே கிண்டர்கார்டன் முறையைக் கையாண்டார்கள். ஜெர்மனியில் ஃப்ரோபெல் வகுத்த முறை அது. கம்பளி நூல் பந்து, மர உருண்டை, கனசதுரம் இவற்றைக் குழந்தை கையில் கொடுத்து, விளையாட்டிலிருந்து எண்ணையும் எழுத்தையும் கற்பிப்பது. அங்கே பணியாற்றிய கோர்ட்ரைட் என்ற அமெரிக்கப் பெண்மணி, பறையர் பிள்ளைகளுக்கு நாங்கள் எப்படிக் கற்பிக்கிறோம் என்றே தலைப்பிட்டு 1906ல் ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். அக்கிரகாரத்துப் பிள்ளை உட்கார்ந்து மனப்பாடம் செய்துகொண்டிருந்த காலத்தில் சேரிப் பிள்ளை விளையாட்டுப் பொருளைத் தொட்டுப் பார்த்துப் படித்திருக்கிறது. இது சின்ன விஷயமா?

1907ல் ஆல்காட் இறந்தார். அன்னி பெசன்ட் தலைமைக்கு வந்தார். 1909ல் ‘இந்தியன் ரிவ்யூ’வில் அவர் எழுதிய கட்டுரையில், ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளை மற்ற பிள்ளைகளோடு ஒரே பள்ளியில் சேர்க்கக் கூடாது, முதலில் அவர்களுக்குச் சுத்தம் கற்றுத்தர வேண்டும் என்ற கருத்தை வைத்தார். அம்பேத்கர் காங்கிரசையும் காந்தியையும் பற்றி எழுதிய நூலில் இந்தக் கட்டுரையை எடுத்துக் காட்டியிருக்கிறார். பொருளைத் தொட்டுப் படித்த குழந்தையையே தொடக் கூடாதென்று ஆயிற்று.

பிறகு 1939ல் மரியா மாண்டிசோரி அடையாறுக்கு வந்தார். அவருடைய முதல் குழந்தைகள் இல்லம் 1907ல் ரோம் நகரத்தில் சான் லோரென்சோ என்ற ஏழைகளின் குடியிருப்பில் தொடங்கியது. கூலிக்காரர்களின் பிள்ளைகளை வைத்துத்தான் அந்த முறையே உருவானது. இன்று அடையாறிலோ தி.நகரிலோ மாண்டிசோரி பெயர் மாட்டிய பள்ளியின் கட்டணத்தை விசாரித்துப் பாருங்கள். சேரிக்காக வந்த விளையாட்டுப் பொருள் எந்த வாசலுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது என்று தெரியும். ஊரூரில் ஆல்காட் தொடங்கிய பள்ளி, ஆல்காட் நினைவுப் பள்ளி என்ற பெயரில் இன்றும் இலவசமாக நடக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சரி, எங்க தெருவில் என்ன வைத்து விளையாடினோம்? தேய்ந்த ரப்பர் செருப்பை வட்டமாக வெட்டினால் சக்கரம். பவுடர் டப்பாவில் குச்சி செருகி அந்தச் சக்கரத்தை மாட்டினால் வண்டி. சோடா மூடியைத் தண்டவாளத்தில் வைத்தோ கல்லால் தட்டியோ தட்டையாக்கி, ரெண்டு ஓட்டை போட்டு நூல் கோத்து இழுத்தால் ‘விர்ர்’ரென்று சுத்தும். தீப்பெட்டிப் படம், சிகரெட் அட்டை, கோலி, பம்பரம். பழைய ஸ்கூட்டர் டயர் ஒன்று கிடைத்துவிட்டால் அன்றைக்குத் திருவிழா. டயர் கம்பெனி செய்த பொம்மை அந்த வீட்டுக்குப் போனது, தேய்ந்துபோன டயர் எங்க தெருவுக்கு வந்தது.

இதைச் சொல்லும்போது ஓர் எச்சரிக்கை தேவை. இப்போது நுங்கு வண்டி, டயர் வண்டி என்று ‘அந்தக் காலத்து விளையாட்டு’களைப் பேசி உருகுவது ஒரு மோஸ்தர். எல்லாரும் ஒண்ணா விளையாடினோம், அப்போ பேதமே இல்லை என்கிறார்கள். எந்தத் தெருவில் விளையாடினீர்கள், யார் வீட்டுக்குள் தண்ணி குடிக்கப் போனீர்கள் என்று கேட்டால் பதில் வராது. பாமா 1992ல் வெளியிட்ட ‘கருக்கு’ நூலில், சேரிப் பிள்ளைகள் விளையாட்டிலேயே ஒருவர் நாயக்கராகவும் மற்றவர்கள் பண்ணையாளாகவும் நடித்ததை எழுதியிருக்கிறார். நம் விளையாட்டுக்குள்ளும் படி இருந்தது. படியின் கீழே நிற்கப் பழகியதும் நம் விளையாட்டாகவே இருந்தது. அதனால் வறுமையில் செய்த பொம்மையை நாம் கொண்டாட வேண்டியதில்லை. ஆனால் பதிவு செய்ய வேண்டும். செருப்பிலிருந்து சக்கரம் செய்தது ஒரு கைவினை, ஓர் அறிவு. எங்க தெருப் பிள்ளைகளின் பொம்மைகளை எந்த மியூசியத்திலும் நான் பார்த்ததில்லை.

நமக்கென்று ஒரு சிலைச் சேகரிப்பு உருவாகியிருப்பதையும் கவனிக்க வேண்டும். டிசம்பர் 6ந் தேதி மும்பை தாதரில் சைத்ய பூமிக்கும், விஜயதசமிக்கு நாகபுரி தீட்சா பூமிக்கும் லட்சக்கணக்கில் வருகிற மக்கள், திரும்பும்போது கையில் புத்தகத்தோடு சின்னச் சின்ன புத்தர் சிலை, அம்பேத்கர் சிலை வாங்கிப் போகிறார்கள். 1956 அக்டோபர் 14ந் தேதி, அசோக விஜயதசமி நாளில், பாபாசாகேப் நாகபுரியில் பௌத்தம் ஏற்றார். அதே விஜயதசமி இரவில்தான் மயிலாப்பூரில் ஒரு பொம்மையைப் படுக்க வைத்துக் கொலுவை முடிப்பார்கள்.

நாகபுரி போய்வந்த தோழர் ஒருவர் எங்க வீட்டுக்கு ஒரு அம்பேத்கர் சிலை கொண்டுவந்தார். ஜாண் உயரம், நீலக் கோட்டு. வழியில் மூட்டையில் இடிபட்டு, நீட்டிய விரலின் நுனி உடைந்திருந்தது. மாற்றித் தருகிறேன் என்றார். அம்மா விடவில்லை. டிவிக்குப் பக்கத்தில் துணி விரித்து வைத்துவிட்டாங்க. மூளியானதை வைக்கக் கூடாது என்று எங்க வீட்டில் யாரும் சொல்லவில்லை.

வாசிக்கிற தோழர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்க அம்மாவிடமும் ஆயாவிடமும், சின்ன வயசுல என்ன வெச்சு விளையாடினீங்க என்று கேளுங்கள். விளையாட நேரமே இல்லை, சாணி பொறுக்கினேன், குழந்தை தூக்கினேன் என்று சொன்னால் அதையும் அப்படியே எழுதுங்கள். பொருள் எரிந்துபோயிருக்கும். கேட்டு எழுதினால் சொல்லாவது மிஞ்சும்.

அந்த வீட்டுக்கு நான் திரும்பப் போன் செய்தேன். சிப்பாய் தீயில் போனது, அதற்கு வலது கை இல்லை, இடுப்பில் பச்சை வர்ணம் உரிந்திருந்தது என்று சொன்னேன். “இவ்வளவு ஞாபகமா!” என்று அந்த அம்மாள் ஆச்சரியப்பட்டார். எங்க வீடு எப்போது எரிந்தது என்று மட்டும் அவர் கேட்கவில்லை.